வெள்ளைக் குட்டி வாங்கப் போகிறீர்களா?

"அம்மா! எதிர் வீட்டில் நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார்கள். நமக்கும் ஒன்று வாங்கேன்!"

இந்த வாக்கியம் ஒரு வீட்டில் ஒரு தடவை ஒலித்துவிட்டால் போதும், அப்புறம் அங்கே நிம்மதி இல்லை. பல் தேய்க்கும்போது நாய்க்குட்டி. சாதம் பிசையும்போது நாய்க்குட்டி. கணக்குப் பாடத்தின் நடுவிலும் நாய்க்குட்டி. போதாக்குறைக்குச் சுவரிலே சிவகாசியில் அச்சான காலண்டர் வேறு தொங்குகிறது. அதிலே பிரம்புக் கூடைக்குள் உட்கார்ந்தபடி ஒரு குட்டி உங்களையே பார்த்துக் கொண்டிருக்கிறது. முதலில் "முடியாது" என்பீர்கள். பிறகு "பார்க்கலாம்" என்பீர்கள். "பார்க்கலாம்" என்று எந்த அம்மா சொன்னாலும் அதற்கு "சரி" என்றுதான் அர்த்தம் என்பது குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியும்.

குழந்தைகளின் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வாங்குவதானால் நம் சீமை ஜாதியாகவே வாங்கிவிடுவோம். ராஜபாளையம்!" என்பார்.

நல்ல யோசனைதான். எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், பொழுது விடிகிற நேரத்தை ஒட்டி விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வரிசையாக ஸ்டேஷன்கள் வரும். பால்கோவா ஊரைத் தாண்டினால் ராஜபாளையம். பாளையக்காரர் காலத்திலிருந்தே வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக் கொள்ளும் வெள்ளை நாய், அந்த ஊரின் பேரையே தாங்கி உலாவுகிறது. 2005 ஜனவரியில் தபால் இலாகா நான்கு இந்திய நாய்களுக்கு ஸ்டாம்பு போட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. அந்தக் கரிசல் சீமையிலேயே சிப்பிப்பாறை என்ற கிராமத்தின் பேரைச் சொல்லிக் கொண்டு இன்னொரு நாய் உண்டு. ஒல்லி உடம்பு, முயலைத் துரத்தப் பிறந்த கால்கள். கன்னி என்று ஒரு ஜாதியும் இருக்கிறது. கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு சேர்த்துக் கொடுத்ததால் அந்தப் பேர் வந்தது என்பார்கள். (இப்போது சீர் கேட்கிறவர்கள் நாய்க்குட்டியோடு திருப்தி அடைவார்களா என்பது வேறு விஷயம்!) 2020 ஆகஸ்டில் பிரதமர் தம்முடைய வானொலிப் பேச்சில் இந்த நாய்களையெல்லாம் பேர் சொல்லிப் பாராட்டினார். வெளியூர்க்காரர்களுக்கும் இந்தப் பேர்களெல்லாம் தெரிந்து போயின.

குட்டி பார்க்கப் போகிறவர்கள் என்னென்ன பார்க்கிறார்கள் தெரியுமோ? உடம்பு மாசு மருவில்லாத வெள்ளையா? மூக்கு ரோஜா நிறமா? கண் பொன்னிறமா? விவரம் தெரிந்தவர்களானால் குட்டிக்குப் பின்னால் நின்று 'பட்'டென்று கை தட்டிப் பார்ப்பார்கள். வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. குட்டி திரும்பிப் பார்த்தால், காது கேட்கிறது, கவலையில்லை.

எல்லாம் சரி. ஆனால் நான் சொல்ல வந்த ஆபத்து இந்தப் பரீட்சைகளில் எதிலும் அகப்படாது. கண் பொன்னாக மின்னும், மூக்கு ரோஜாவாக இருக்கும், கை தட்டினால் குட்டி துள்ளித் திரும்பும். அதே சமயத்தில் அதன் குடலுக்குள் எமன் வந்து உட்கார்ந்திருப்பான்.

அவன் பேர் பார்வோ வைரஸ். லத்தீன் பாஷையில் 'பார்வுஸ்' என்றால் சின்னது என்று அர்த்தம். வைரஸ்களே சின்னவை, அவற்றுக்குள்ளும் இது சின்னது. உள்ளே நுழைந்ததிலிருந்து வியாதி வெளியே தெரிவதற்குச் சாதாரணமாக 4 நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். அதுவரை குட்டி விளையாடும், பால் குடிக்கும், உங்கள் புடவைத் தலைப்பைக் கடித்து இழுக்கும். இதிலே இன்னொரு சங்கடம், வியாதி வெளியே தெரிவதற்கு முன்னாலேயே அதன் மலத்தில் கிருமி இறங்க ஆரம்பித்துவிடுகிறது என்பது.

ஞாயிற்றுக்கிழமை குட்டி வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். திங்கட்கிழமை பேர் வைத்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு மாமி வந்து திருஷ்டி கழித்துவிட்டுப் போகிறாள். வியாழக்கிழமை குட்டி கொஞ்சம் சோர்ந்து படுத்திருக்கிறது, பாலைத் தொடவில்லை. "புது இடம், அம்மா ஞாபகம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரவில் வாந்தி. வெள்ளிக்கிழமை காலையில் ரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சனிக்கிழமைக்குள் கண் குழி விழுந்து, குட்டி தலையைத் தூக்க முடியாமல் கிடக்கிறது. வைத்தியம் செய்யாமல் விட்டால் பத்தில் ஒன்பது குட்டி வரை பிழைப்பதில்லை. அறிகுறி தெரிந்த இரண்டு மூன்று நாளுக்குள்ளேயே முடிந்துவிடுவதும் உண்டு.

அப்படி என்னதான் செய்கிறது இந்தக் கிருமி? குடலின் உள்பக்கத்தை வெல்வெட்டுத் துணி மாதிரி நினைத்துக் கொள்ளுங்கள். அந்த வெல்வெட்டின் இழைகள் தேய்ந்து தேய்ந்து உதிர, அடியிலிருந்து புதிது புதிதாக முளைத்துக் கொண்டே இருக்கின்றன. கிருமி அந்த அடி வேரைத் தின்றுவிடுகிறது. புதிது முளைக்காமல் வெல்வெட்டு வழுக்கையாகிறது. சாப்பிட்டது ஒட்டாது, உடம்பின் தண்ணீரெல்லாம் வெளியேறும், குடலிலே சாதுவாகக் கிடந்த மற்ற கிருமிகள் ரத்தத்தில் புகுந்துவிடும். அவற்றோடு போராட வெள்ளை அணுக்கள் வர வேண்டாமா? அவை உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையையும் இந்த வைரஸ் அதே சமயத்தில் தாக்கியிருக்கும். வீட்டுக்குள் திருடர்களை விட்டுவிட்டு, வாசலில் இருந்த கூர்க்காவையும் கட்டிப் போட்டது போல!

இது புராதன வியாதி அல்ல என்பது ஆச்சரியமான விஷயம். 1978-ல்தான் உலகம் இதை அடையாளம் கண்டு கொண்டது. பூனைகளுக்கு வரும் ஒரு குடல் வியாதியின் வைரஸிலிருந்து, அல்லது அதற்கு நெருங்கிய தாயாதி ஒன்றிலிருந்து, கொஞ்சம் உருமாறி இது நாய்க்குத் தாவியதாக விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அநேகமாக ஒரே சமயத்தில் நாய்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. எந்த நாய்க்கும் முன் அனுபவம் இல்லாததால் பெரிய நாய்களும் தப்பவில்லை. அவசரத்துக்குப் பூனைக்குப் போடும் தடுப்பு மருந்தையே நாய்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்! இரண்டே வருஷத்தில் அது பூமியைச் சுற்றி வந்துவிட்டது. நம் ஊருக்கு வர எத்தனை காலம் ஆயிற்று என்கிறீர்கள்? 1980-களின் ஆரம்பத்திலேயே சென்னையில் இந்த வியாதியைக் கண்டு, பரிசோதனை செய்து, கட்டுரையும் எழுதிவிட்டார்கள் நம் கால்நடை வைத்தியர்கள். இப்போது அது தெருத் தெருவாக இருக்கிறது.

நாட்டு நாய்க்கு ஒரு வியாதியும் வராது என்று நம்புகிறவர்கள் நம்மில் அநேகம் பேர். ராட்வைலர், டாபர்மன் போன்ற சில சீமை ஜாதிகளை இது அதிகமாக வாட்டுகிறது என்பது உண்மைதான். அதற்காக மற்ற ஜாதிகளுக்கு விலக்கு ஒன்றும் கிடையாது. தடுப்பு ஊசி போடாத குட்டி என்றால் அரண்மனையில் பிறந்ததும் ஒன்றுதான், கரிசல் காட்டில் பிறந்ததும் ஒன்றுதான்.

"ஊசிதான் போட்டாச்சே!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. விற்கிறவரும் அதைத்தான் சொல்வார். "ஊசியெல்லாம் போட்டாச்சு தாயி, கவலைப்படாதீக!" அவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக் கொள்வோம். இருந்தாலும் அந்த ஒரு வார்த்தை போதாது. ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்கத் தேதி பார்த்துத் தேதி பார்த்து நடந்த உங்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

தாய் நாயின் சீம்பாலில் குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி கிடைக்கிறது. அந்தச் சக்தி வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்கிறது. ஆனால் ஊசி மருந்தையும் அது கிருமி என்றே நினைத்து அடித்துவிடும்! தாய் கொடுத்த கவசம் பலமாக இருக்கும்போது போட்ட ஊசி வீண். கவசம் நாளாக ஆகத் தேய்கிறது. நடுவிலே ஒரு காலம் வருகிறது: வியாதியைத் தடுக்கப் போதாத அளவுக்குத் தேய்ந்திருக்கும், ஊசியைத் தடுக்கப் போதுமான அளவுக்கு மிச்சம் இருக்கும். அந்தச் சில வாரங்கள்தான் கண்டம். ஒரே வயிற்றில் பிறந்த குட்டிகளிலேயே ஒன்றுக்கு அது முன்னால் வரும், ஒன்றுக்குப் பின்னால் வரும். தாய்க்கே ஊசி போட்டதில்லை என்றால் இன்னும் சீக்கிரமே வந்துவிடக் கூடும். எந்தக் குட்டிக்கு எப்போது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒரு தரம், 16 வாரம் நிரம்பும் வரை திருப்பித் திருப்பிப் போடச் சொல்கிறார்கள். ஏதாவது ஒன்று சரியான நேரத்தில் போய்ப் பிடித்துக் கொள்ளும். பிறகு 6 மாதத்திலோ ஒரு வருஷத்திலோ இன்னொன்று.

ஆகவே 7 வாரக் குட்டிக்கு ஒரு ஊசி போட்டிருக்கிறது என்றால் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று மட்டும் அர்த்தம். விற்கிற அன்று காலையில் போட்ட ஊசி என்றால் அதுகூட இல்லை. அது பலன் தரச் சில நாட்கள் வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மருந்து ஐஸ் பெட்டியின் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டியது. சித்திரை வெயிலில் விருதுநகர்ப் பக்கம் போயிருக்கிறீர்களா? அந்த வெயிலில் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு வந்து, தாமே போட்டுவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவர் போட்டது வெறும் தண்ணீராகவே இருக்கலாம்.

இதையெல்லாம் தெரிந்து கொண்டு குட்டி பார்க்கப் போங்கள். போனதும் குட்டியைத் தூக்கிவிடாதீர்கள். தூக்கினால் தீர்ந்தது, அப்புறம் கேள்வி கேட்க வாய் வராது. முதலில் தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் எங்கோ வேறு ஊரில் இருக்கிறது என்று பதில் வந்தால் அது வளர்க்கிறவர் வீடு அல்ல, தரகர் வீடு. பல இடத்துக் குட்டிகளை வாங்கி ஒரே கொட்டகையில் அடைத்து விற்கிற இடத்தில் ஒரு குட்டியின் வியாதி அத்தனை குட்டிக்கும் சொந்தம். தாய்க்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டது என்று கேளுங்கள். குட்டி பிறந்த தேதி என்ன? பூச்சி மருந்து எப்போது கொடுத்தது? இந்தக் கேள்விகளுக்குத் தேதியோடு பதில் சொல்கிறவரிடம் நம்பிக்கை வைக்கலாம். பரம்பரையாக வளர்த்து, ஒவ்வொரு குட்டியையும் பெண் கொடுப்பது போல விசாரித்துக் கொடுக்கிற மனிதர்களும் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு உங்கள் கேள்வி கோபத்தை உண்டாக்காது.

கடைசியாக ஒரு கேள்வி. அது கொஞ்சம் சங்கடமானது. ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. "இந்த ஆறேழு மாதத்தில் இங்கே குட்டி ஏதாவது வாந்தி பேதியில் செத்துப் போயிற்றா?" கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். இந்தக் கிருமி மண்ணிலும் சிமெண்டுத் தரையிலும் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். நிழலான, ஈரமான மூலை என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

ஊசிக் கார்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். மருந்துக் குப்பியின் லேபில் ஒட்டி, தேதி போட்டு, கால்நடை டாக்டர் கையெழுத்து இருக்க வேண்டும். சட்டமும் உங்கள் பக்கம்தான். 2017-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, விற்பனைக்காக நாய் வளர்க்கிறவர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்து கொள்ள வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தமிழக அரசும் 2024-ல் நாய் வளர்ப்புக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. "சின்னதாக வாங்கினால்தான் நம்மோடு ஒட்டும்" என்று 5 வாரக் குட்டியைக் கையில் திணிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்று வாரம் கழித்து வருகிறேன் என்று கிளம்புங்கள். ரயில் சார்ஜ் போனால் போகிறது. வெறுங்கையோடு வர மனமில்லையென்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக் கொள்ளலாம்.

குட்டி கிடைத்துவிட்டது, ஊருக்குக் கிளம்புகிறீர்கள். பிளாட்பாரத்தில் அதைக் கீழே விடாதீர்கள். எத்தனை தெரு நாய் நடந்த தரையோ! வந்த இரண்டு நாளுக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். அங்கேயும் மடியிலேயே வைத்துக் கொள்ளுங்கள். வியாதி நாய்கள் வருகிற இடமல்லவா அது? 16 வாரத்து ஊசி முடியும் வரை தெருவும் பார்க்கும் வேண்டாம். இடுப்பில் தூக்கிக் கொண்டு போய் வேடிக்கை காட்டலாம், குழந்தைக்குச் செய்யவில்லையா? செருப்பை வாசலோடு விடும் நம் வழக்கம் இந்த விஷயத்தில் பெரிய பாதுகாப்பு. இந்தக் கிருமி மனிதர்களின் செருப்பில் ஏறித்தான் வீடு வீடாகப் பிரயாணம் செய்கிறது.

வீட்டைப் பினாயில் போட்டுத் துடைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பினாயிலுக்கு இது அசைந்து கொடுக்காது, சோப்புக்கும் அப்படியே. துணி வெளுக்க விற்கிறார்களே பிளீச்சிங் திரவம், அது ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து, முதலில் அழுக்கைச் சுத்தமாகக் கழுவிய தரையில் ஊற்றி, பத்து நிமிஷமாவது ஊறவிட வேண்டும். அதோடு ஆசிட்டையோ வேறு மருந்தையோ கலந்துவிடாதீர்கள். விஷப் புகை வரும். காயும் வரை குட்டியையும் குழந்தையையும் அந்தப் பக்கம் விடக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் குட்டி சாப்பிடாமல் படுத்தால்? காத்திருக்காதீர்கள். குறிப்பாகத் தீபாவளிச் சமயத்தில் இது மோசம் செய்யும். சிவகாசிச் சரக்கு தெருவெல்லாம் வெடிக்கும்போது நாய்கள் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிவது சகஜம். "வெடிக்குப் பயந்து கிடக்கிறது, நாளைக்குச் சரியாகிவிடும்" என்று இருந்துவிட்டால் அந்த ஒரு நாள் போனது போனதுதான். என்னைக் கேட்டால், தீபாவளி வாரத்தில் குட்டியே வாங்க வேண்டாம் என்பேன்.

கை வைத்தியம் வேண்டாம். ஓம வாட்டரும் மாதுளம் பழத் தோலும் நமக்கு இருக்கட்டும். வாந்தி எடுக்கிற குட்டிக்கு வாய் வழியே எதைத் திணித்தாலும் தங்காது. மனிதர்களுக்கு வாங்கி வைத்த மாத்திரை இன்னும் ஆபத்து. டாக்டர் மலத்தைச் சிறு சோதனை செய்து பத்து நிமிஷத்தில் இன்னதென்று சொல்லிவிடக் கூடும். நரம்பில் சலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, மற்ற கிருமிகளுக்கு மருந்து கொடுத்து, உடம்பைச் சூடாக வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நாலைந்து நாள் ஆஸ்பத்திரி வாசம். செலவு, குட்டியின் விலையைத் தாண்டிவிடவும் கூடும். நல்ல சிகிச்சை உடனே கிடைத்த குட்டிகளில் நூற்றுக்கு 80, 90 பிழைத்துவிடுகின்றன என்பதை நினைவில் வைத்துக் கொண்டு ஓடுங்கள். பிழைத்த குட்டிக்கு அப்புறம் வெகு காலம் இந்த வியாதி வராது. குழந்தைகளுக்குத் தொற்றுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. நாயின் இந்த வைரஸ் மனிதர்களுக்கு வருவதில்லை. ஆனாலும் அந்தப் பேதியில் வேறு பூச்சிகளும் கிருமிகளும் இருக்கக் கூடும் என்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

பிழைக்கவில்லையென்றால், குழந்தைகளின் அழுகையை நிறுத்துவதற்காக அடுத்த வாரமே இன்னொரு குட்டியை வாங்கிக் கொண்டு வராதீர்கள். அதே மூலை, அதே பாய், அதே கிண்ணம் அங்கே காத்துக் கொண்டிருக்கின்றன. சில மாதங்கள் போகட்டும். அப்படியும் வாங்குவதானால் எல்லா ஊசியும் முடிந்த குட்டியாகப் பாருங்கள்.

குட்டி பிழைத்தாலும் சரி, போனாலும் சரி, டாக்டர் 'பார்வோ' என்று சொன்ன அன்று சாயங்காலமே விற்றவருக்குப் போன் செய்யுங்கள். சண்டை போடுவதற்காக அல்ல. அதைப் பிறகு வைத்துக் கொள்ளலாம். உங்கள் குட்டியோடு பிறந்தவை இன்னும் நாலோ ஐந்தோ அவரிடம் இருக்கும். அல்லது மதுரைக்கும் கோயமுத்தூருக்கும் கூடைகளில் போய்க் கொண்டிருக்கும். அந்த வீடுகளில் இன்னும் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டார்கள்.